பிராண்டோவின் கைகளைப் பார்க்க ஒரு டிஸ்க்: 'ஆன் தி வாட்டர்ஃப்ரண்ட்' கிரைட்டீரியன் ப்ளூ-ரே

டாக்ஸியின் பின் இருக்கையில் அண்ணன் நீட்டும் துப்பாக்கியைத் தம்பி மெல்ல ஒதுக்கிவிடும் காட்சியை அறியாத உலக சினிமா ரசிகர் குறைவு. ஆனால் அதை மங்கலான துண்டாக, பக்கவாட்டில் இழுக்கப்பட்ட பிரேமில், செல்போன் திரையில் பார்த்தவர்களே அதிகம். அப்படிப் பார்த்தால் மார்லன் பிராண்டோவின் முகமும் குரலும் கிடைக்கும், கைகள் கிடைக்காது. எலியா கசான் இயக்கிய 'ஆன் தி வாட்டர்ஃப்ரண்ட்' (1954) படத்தில் பாதி நடிப்பு கைகளில்தான் நடக்கிறது. உலகின் முக்கியப் படங்களைச் செம்மையாக டிஸ்க்கில் வெளியிடும் அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் 2013 பிப்ரவரியில் வெளியிட்ட இரண்டு டிஸ்க் ப்ளூ-ரே பதிப்பு முக்கியமாவது இதனால்தான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நடிப்பைத் தொழிலாகப் படிப்பவர்கள், திரையில் ஆண் பாத்திரங்களை எழுதுபவர்கள், ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப நிறுத்திப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் இதை வாங்கலாம். கதையைத் தெரிந்துகொள்ள ஒரு தடவை பார்த்தால் போதும் என்பவருக்கு இவ்வளவு தேவையில்லை.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது ரீஜன் கோடு, அதாவது எந்த நாட்டுப் பிளேயரில் டிஸ்க் ஓடும் என்பதைத் தீர்மானிக்கும் பூட்டு. இந்த டிஸ்க் ரீஜன் 'ஏ' பூட்டுடன் வருகிறது. அமெரிக்கா, கனடா, சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. அங்கே விற்கும் சாதாரண பிளேயரிலேயே ஓடும். இந்தியாவும் இலங்கையும் ப்ளூ-ரே கணக்கில் ரீஜன் 'சி', ஐரோப்பா 'பி'. அங்கே வாங்கிய பிளேயரில் போட்டால் எச்சரிக்கை வாசகம் மட்டும் வரும், படம் வராது. கடைக்காரர் "ரீஜன் ஃப்ரீ" என்று சொல்லும்போது ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும்: டிவிடிக்கு மட்டும் ரீஜன் ஃப்ரீயா, ப்ளூ-ரேக்கும் சேர்த்தா? பல பிளேயர்களில் டிவிடி பூட்டு மட்டும்தான் திறந்திருக்கும். கணினியில் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது, பிளேயர் மென்பொருள் ரீஜனைச் சில முறை மட்டுமே மாற்ற விடும். அதன்பின் கடைசியாக வைத்த ரீஜனிலேயே நின்றுவிடும். அமெரிக்காவில் இருக்கும் உறவினர் மூலம் வாங்குவதாக இருந்தால் ஜூலை, நவம்பர் மாதங்களுக்குக் காத்திருங்கள். பார்ன்ஸ் அண்ட் நோபிள் கடையில் கிரைட்டீரியன் டிஸ்க்குகளுக்குப் பாதி விலைத் தள்ளுபடி வழக்கமாக அந்த மாதங்களில்தான் வரும். தமிழ் சப்டைட்டில் கிடையாது, ஆங்கிலம் மட்டும்.

இனி டிஸ்க்கின் உயிர்நாடிக்கு வருவோம். இதில் ஒரே படம் மூன்று திரை விகிதங்களில், அதாவது பிரேமின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள மூன்று விகிதங்களில் இருக்கிறது. முதல் டிஸ்க்கில் 1.66:1. இரண்டாவது டிஸ்க்கில் 1.85:1, 1.33:1 இரண்டும். படம் எடுக்கப்பட்ட காலத்தில் ஹாலிவுட் பழைய சதுரத் திரையிலிருந்து அகலத் திரைக்கு மாறிக்கொண்டிருந்தது. எந்தத் தியேட்டரில் எந்தத் திரை இருக்கும் என்று தயாரிப்பு நிறுவனத்துக்கே நிச்சயமில்லை. ஒளிப்பதிவாளர் போரிஸ் காஃப்மன் மூன்று விதமாகக் காட்டினாலும் கெடாதபடி பிரேம் வைத்தார். 1.33 பிரேமின் உயரத்தை நூறு பங்காக எடுத்துக்கொண்டால், 1.66இல் மேலும் கீழுமாகக் கிட்டத்தட்ட இருபது பங்கு போய்விடும். 1.85இல் ஏறத்தாழ இருபத்தெட்டு பங்கு போய்விடும். நின்றுகொண்டு பேசும் நடிகரின் பிரேமில் கீழிருந்து வெட்டினால் முதலில் ஆபத்துக்கு உள்ளாவது கைகள்தான்.

முதல் பார்வைக்கு 1.66 சரியான தேர்வு. தலைக்கு மேல் வீணான இடம் இல்லை, கைகளும் தப்பிக்கின்றன. நடிப்பை ஆராய்பவர்கள் அடுத்து 1.33 பதிப்பைப் போட வேண்டும். தலைக்கு மேல் சில இடங்களில் வானம் அதிகமாகத் தெரியும். ஆனால் இடுப்புவரை உடல் என்ன செய்கிறது என்று படிக்க அதுதான் வசதி. 1.85 பதிப்பு முகங்களை நெருக்குகிறது. பூங்காக் காட்சியிலும் மொட்டைமாடிக் காட்சிகளிலும் கை அசைவுகள் பிரேமின் விளிம்புக்கு வந்துவிடுகின்றன. மூன்றும் ஏன் வந்தன என்பதை விளக்கும் ஒரு குறும்பகுதி டிஸ்க்கிலேயே உண்டு. படத்துக்கு முன்பே அதைப் பார்த்துவிடுவது நல்லது.

சோனி நிறுவனம் 4கே தரத்தில் புதுப்பித்த பிரதியிலிருந்து எடுத்தது இது. கறுப்பு வெள்ளையின் நடுச்சாம்பல் நிறங்கள் அருமையாக வந்திருக்கின்றன. 1953 குளிர்காலத்தில் நியூ ஜெர்சியின் ஹோபோகனில் எடுத்த படம். நடிகர்கள் பேசும்போது வாயிலிருந்து வரும் ஆவி தெரிகிறது, மூக்கு நுனியின் ஈரம்கூடத் தெரிகிறது. ஆனால் டிவியின் அமைப்புகளைச் சரிசெய்யாவிட்டால் இவ்வளவும் வீண். படத்தின் பயன்முறையை 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' என்று வையுங்கள். அசைவை வழுவழுப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் பிராண்டோவின் தயக்கங்கள் தொலைக்காட்சித் தொடர் நடிப்பு போலாகிவிடும். இரைச்சல் நீக்கும் வசதியையும் அணையுங்கள். திரையில் மணல் போலத் தெரிவது பிலிமின் இழைதான், குறையல்ல. அதைத் துடைத்தால் தோலின் சுருக்கமும் சேர்ந்து போகும். 1.33 பதிப்பில் இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரத்தான் செய்யும். அதை நிரப்ப ரிமோட்டில் 'ஜூம்' அழுத்தினால் எதற்காக 1.33 போட்டோமோ அதுவே போய்விடும்.

இனி பாத்திரம். டெரி மலாய் முன்னாள் குத்துச்சண்டை வீரன், இப்போது துறைமுகச் சங்கத்தைக் கையில் வைத்திருக்கும் ஜானி ஃப்ரண்ட்லியின் எடுபிடி. அண்ணன் சார்லி அந்த தாதாவின் வலதுகை. மால்கம் ஜான்சன் 1948இல் 'நியூயார்க் சன்' நாளிதழில் துறைமுகக் குற்றங்கள் பற்றி எழுதி, புலிட்சர் பரிசு வாங்கிய 24 பகுதிக் கட்டுரைத் தொடர்தான் கதைக்கு வேர். திரைக்கதை பட் ஷுல்பர்க். எட்டு ஆஸ்கர் வாங்கிய படம். பிராண்டோவுக்கு அது முதல் ஆஸ்கர். அதற்கு முன் மூன்று வருடம் தொடர்ந்து பரிந்துரைக்கப்பட்டுத் தோற்றிருந்தார்.

அதுவரை அமெரிக்கத் திரையில் முரட்டு ஆணுக்கு ஓர் இலக்கணம் இருந்தது. ஜேம்ஸ் கேக்னி வேகமாகப் பேசி அடிப்பார். ஹம்ஃப்ரி போகார்ட் குறைவாகப் பேசி, சிகரெட் புகைக்குப் பின்னால் எல்லாம் தெரிந்தவராக நிற்பார். ஜான் வெய்ன் நடந்து வந்தாலே போதும். மூவருக்கும் பொதுவானது, தனக்கு என்ன வேண்டும் என்று அந்த ஆணுக்குத் தெரியும், அதைச் சொல்ல வார்த்தையும் கிடைக்கும். 'எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்' நாடகத்தில் 1947இல் பிராட்வே மேடையிலும், அதன் படமாக்கத்தில் 1951இல் திரையிலும் ஸ்டான்லி கோவால்ஸ்கியாக வந்த பிராண்டோ இந்த இலக்கணத்தை ஒரு பக்கம் உடைத்தார். ஸ்டான்லியின் உடல் பேசியது, ஆசை, கோபம், பசி எல்லாம் பனியனுக்குள்ளிருந்தே தெரிந்தன. ஆனாலும் ஸ்டான்லிக்குச் சந்தேகம் கிடையாது. வீட்டுக்குள் தான்தான் ராஜா என்று நம்பும் ஆண் அவன். டெரியில்தான் பிராண்டோ அடுத்த அடியை எடுத்து வைத்தார். உடல் அதே பலத்துடன் இருக்கிறது, நம்பிக்கை மட்டும் உருவப்பட்டுவிட்டது. பலசாலியின் உடலுக்குள் என்ன செய்வதென்று தெரியாத ஒருவன். அந்தக் குழப்பத்தை வசனமாகச் சொல்லாமல் தோளிலும் விரலிலும் வைத்ததே இந்த நடிப்பின் சாதனை.

இதைச் சொன்னதும் "மெத்தட் நடிப்பு" என்று முத்திரை குத்துவது வழக்கம். இங்கே கொஞ்சம் துல்லியம் வேண்டும். பிராண்டோ தன் ஆசிரியை என்று கொண்டாடியது ஸ்டெல்லா அட்லரை; மெத்தட் நடிப்பைப் பரப்பிய லீ ஸ்ட்ராஸ்பெர்க்கை அல்ல. ஸ்ட்ராஸ்பெர்க் வழியில் நடிகர் தன் சொந்த வாழ்க்கையின் பழைய காயத்தைக் கிளறி உணர்ச்சியை வரவழைப்பார். அட்லர் 1934இல் பாரிஸில் ரஷ்ய நாடக மேதை ஸ்தனிஸ்லாவ்ஸ்கியிடம் நேரில் பயின்று வந்தவர். சொந்தக் காயத்தைவிடக் கற்பனைக்கும், பாத்திரம் வாழும் சூழலுக்கும், அவன் செய்யும் செயலுக்கும்தான் அவர் முதலிடம் கொடுத்தார். இந்த வித்தியாசம் தெரிந்து பார்த்தால் டெரியின் கைகள் ஏன் சும்மா இருப்பதில்லை என்பது புரியும். பிராண்டோ உணர்ச்சிக்காகக் காத்திருப்பதில்லை. கைக்கு ஒரு வேலை கொடுக்கிறார், உணர்ச்சி அந்த வேலையின் பின்னாலேயே வந்துவிடுகிறது.

டெரியின் உடலை அவர் கட்டிய விதத்தை வரிசையாகப் பாருங்கள். கண்ணிமைகளுக்கு மேல் பழைய குத்துகளின் தடிப்பை ஒப்பனையாக வைத்திருக்கிறார்கள்; பார்வை எப்போதும் பாதி மூடியது போலிருக்கும். ரோஜர் டோனகூ என்ற முன்னாள் குத்துச்சண்டை வீரர் பயிற்சி கொடுத்தார். கட்டம் போட்ட கம்பளி ஜாக்கெட்டின் பைகளுக்குள் கைகள், தோள்கள் காதை நோக்கி ஏறியபடி, நடையில் எடை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு உருளும். குத்துச்சண்டை வளையத்துக்குள் பழகிய உடலுக்கு அது காவல் நிலை. வெளியே வந்த பிறகும் அதை விடத் தெரியவில்லை. ஜானியின் அடியாட்களாக வருபவர்களில் டோனி கலென்டோ, டாமி மரியெல்லோ, ஏப் சைமன் ஆகியோர் நிஜ ஹெவிவெயிட் வீரர்கள். அவர்கள் பக்கத்தில் பிராண்டோ நிற்கும்போது ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். அவர்கள் தங்கள் பருமனை இயல்பாகச் சுமக்கிறார்கள். டெரி தன் பலத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கிறான்.

ஜானியின் பின்னறைக் காட்சியில் இதற்கு இன்னொரு பக்கம். ஜானி டெரியைச் செல்லமாகக் கட்டி இறுக்குகிறான், பணத்தைக் கொடுத்து எண்ணச் சொல்கிறான். டெரி பாதியில் கணக்கை விட்டுவிடுகிறான். ஆண்கள் கூடி ஒருவனைக் கொஞ்சிக்கொண்டே சிறியவனாக்கும் விதம் இது. ஜானியாக நடிக்கும் லீ ஜே. காப் அதட்டலும் பாசமுமாக அறையை நிறைக்கிறார். பிராண்டோ செய்வது சிரிக்க முயல்வது மட்டும். வாய் சிரிக்கிறது, கண் சிரிக்கவில்லை. சற்று முன்புதான் புறாவைச் சாக்கு வைத்து ஜோயி டாயிலை மொட்டைமாடிக்கு அவன் வரவழைத்திருக்கிறான். அங்கிருந்து ஜோயி தள்ளிவிடப்பட்டுச் செத்திருக்கிறான். மிரட்டத்தான் போகிறார்கள் என்று நினைத்தேன் என்பது டெரியின் வாதம். அந்த வாதத்தை அவனே நம்பவில்லை என்பதைக் குரல் தேய்ந்து முடியும் விதத்தில் கேட்கலாம்.

படத்தின் உச்சம் டாக்ஸி என்று எல்லோரும் சொல்வார்கள். எங்கள் கணிப்பில் அதற்குச் சமமாக நிற்பது பூங்காக் காட்சி. இறந்த ஜோயியின் தங்கை ஈடி நடந்து வருகிறாள், டெரி கூடவே வருகிறான். அவள் கையுறை கீழே விழுகிறது. ஒத்திகையில் ஈடியாக நடித்த ஈவா மேரி செயின்ட்டின் கையிலிருந்து அது தற்செயலாகத்தான் விழுந்தது. பிராண்டோ நடிப்பை நிறுத்தாமல் அதை எடுத்துக்கொண்டார். கசான் அதை அப்படியே வைத்துக்கொண்டார். திரையில் அவன் என்ன செய்கிறான் என்று வரிசையாகக் கவனியுங்கள். எடுக்கிறான். ஒட்டியிருக்கும் தூசியைத் தட்டுகிறான். திருப்பிக் கொடுக்கவில்லை. ஊஞ்சலில் உட்கார்கிறான். பேசிக்கொண்டே அந்தச் சின்ன வெள்ளைக் கையுறையைத் தன் கையில் மாட்டிக்கொள்கிறான். வசனமோ அவள் பள்ளிக்கூடக் காலத்தில் எப்படி இருந்தாள் என்பது பற்றி: பல்லில் கம்பி, மூக்கில் கண்ணாடி, கயிறு போலப் பின்னல். கேலியான பேச்சுத்தான், கை மட்டும் வேறு வேலை செய்கிறது.

கையுறை அவனிடம் இருக்கும்வரை அவளால் போக முடியாது. நிறுத்தி வைக்க அவனுக்கு ஒரு வார்த்தையும் தேவைப்படவில்லை. அவளைத் தொட அவனுக்கு உரிமை இல்லை. அவள் பொருளைத் தொடுகிறான். குத்துச்சண்டைக் கையுறை போட்டே வளர்ந்த கை ஒரு பெண்ணின் கையுறைக்குள் நுழைகிறது, அதில் அவனுக்குக் கூச்சம் இல்லை. 1954இல் ஒரு நாயகன் இதைச் செய்தான் என்பதை நிறுத்தி யோசிக்க வேண்டும். அன்றைய வேறொரு நட்சத்திரம் அதைக் குனிந்து எடுத்து, ஒரு சொடுக்கான வசனத்தோடு நீட்டியிருப்பார். இந்தக் காட்சியில் வெட்டுகள் மிகக் குறைவு. நடிப்பு தடையின்றி ஓடட்டும் என்று கசானும் காஃப்மனும் விட்டிருக்கிறார்கள். 1.33 பதிப்பில் இதை ஒலியே இல்லாமல் ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள். காட்சி முழுவதும் புரியும்.

பீர் கடைக் காட்சி இதன் தொடர்ச்சி. அவன் உன்னை அடிப்பதற்கு முன் நீ அவனை அடித்துவிடு என்பதே தன் வாழ்க்கைத் தத்துவம் என்கிறான் டெரி. சொல்லும்போது குரலில் பெருமை இல்லை. எங்கோ பொறுக்கிய பாடத்தை ஒப்பிப்பது போல இருக்கிறது. ஈடி உதவி கேட்கும்போது, செய்ய ஆசைதான், என்னால் ஒன்றும் ஆகாது என்று சொல்லும் க்ளோசப்பில் இமை ஒருமுறை கீழே போய்த் திரும்புகிறது. இந்த இடத்தைச் சுருக்கப்பட்ட பிரதிகளில் பார்த்தால் அந்த இமை சாம்பல் திட்டாகக் கரைந்துவிடும்.

ஒலி பற்றி இங்கேயே சொல்ல வேண்டும். டிஸ்க்கில் இரண்டு ஒலித்தடங்கள்: அசல் மோனோ, பின்னர் உருவாக்கிய 5.1. மோனோவையே தேர்ந்தெடுங்கள். ஜோயியின் சாவில் தன் பங்கை டெரி ஈடியிடம் ஒப்புக்கொள்ளும் காட்சியில் கப்பல் சங்கு வசனத்தை விழுங்கிவிடுகிறது. நமக்குக் கேட்பது சில சொற்கள்தான். மோனோவில் சங்கும் குரலும் ஒரே இடத்திலிருந்து வந்து மோதுகின்றன. ஐந்து ஸ்பீக்கருக்கு விரித்தால் அந்த மோதல் தளர்ந்துவிடும். மனிதனின் வாக்குமூலத்தைத் துறைமுகமே மறைக்கும் ஏற்பாடு இது. வார்த்தை போனதும் பிராண்டோவின் கைகள் மட்டுமே மிஞ்சுகின்றன, நெஞ்சைத் தொடுவதும் அவளை நோக்கி நீள்வதுமாக. பிராண்டோவின் மெல்லும் உச்சரிப்புப் பிடிபடாதவர்கள் முதல் தடவை சப்டைட்டில் வைத்துக்கொள்ளுங்கள், தவறில்லை. இரண்டாம் தடவை அதை அணைத்துவிடுங்கள். சப்டைட்டில் முழு வாக்கியத்தை முன்கூட்டியே காட்டிவிடும். பிராண்டோ வாக்கியத்தைப் பாதியில் தேடிக்கொண்டிருப்பார்.

டாக்ஸிக்கு வருவோம். ஸ்டூடியோவுக்குள் ஒரு டாக்ஸியின் பாதி உடல். ஜன்னலுக்குப் பின்னால் ஓடும் தெருவைக் காட்டத் தேவையான பின்திரை வசதியைத் தயாரிப்பாளர் சாம் ஸ்பீகல் ஏற்பாடு செய்யவில்லை. அதனால் பின் கண்ணாடியில் பலகைத் திரைச்சீலை ஒன்றை மாட்டினார்கள், விளக்கை முகங்களில் ஓடவிட்டார்கள், வண்டியை வெளியிலிருந்து ஆட்டினார்கள். இந்த வறுமை காட்சிக்கு வரமானது. வெளியுலகமே இல்லை. அண்ணனும் தம்பியும் ஒரு பெட்டிக்குள் அடைக்கப்பட்டிருக்கிறார்கள்.

ஜானிக்கு எதிராக டெரி சாட்சி சொல்லிவிடாமல் தடுக்க, ராட் ஸ்டைகரின் சார்லி முதலில் வேலை தருவதாகச் சொல்கிறான்: வாரம் நானூறு டாலர், கேள்வி கேட்கக் கூடாது. டெரி தயங்குகிறான். சார்லி துப்பாக்கியை எடுக்கிறான். எழுதியபடி நடிப்பதில் பிராண்டோவுக்கு ஒரு ஆட்சேபம் இருந்தது: சொந்த அண்ணன் துப்பாக்கி நீட்டும்போது எவனும் சாவகாசமாகத் தன் பழங்கதை பேசமாட்டான். தீர்வு அந்தக் கை. பயம் இல்லை, கோபமும் இல்லை. குழந்தை கையிலிருக்கும் கத்தியை விலக்குவது போல, மெதுவாகத் துப்பாக்கியைக் கீழே தள்ளுகிறான். அண்ணன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்கிறான். அவனுக்காக வெட்கப்படும் பார்வை. துப்பாக்கிக்குப் பதில் துப்பாக்கி, இல்லாவிட்டால் முஷ்டி என்ற ஆண்களின் கணக்கு அங்கே அறுந்துபோகிறது. சுடமாட்டான் என்று தெரிந்ததால் அல்ல, சுடத் துணிந்த நிலைக்கு அண்ணன் வந்துவிட்டானே என்ற துக்கத்தால்.

அதன்பிறகுதான் அந்தப் புகழ்பெற்ற வசனம். எடை 168 பவுண்டு இருந்தபோது எவ்வளவு அழகாக இருந்தாய் என்று சார்லி பழைய மேனேஜரைக் குறை சொல்லத் தொடங்க, டெரி மறுக்கிறான்: அவன் இல்லை சார்லி, நீதான். இன்று உன் இரவு இல்லை என்று சொல்லித் தோற்க வைத்தது நீதான். பட்டத்துக்கு மோதும் தகுதி எனக்கும் வந்திருக்கும் என்பதை பிராண்டோ கத்துவதில்லை. உரத்துச் சொல்வார் என்று நாம் எதிர்பார்க்கும் இடத்தில் குரல் இறங்குகிறது. இந்த வசனத்தைப் பாவனை செய்பவர்கள் எல்லோரும் தவறுவது இங்கேதான். அவர்கள் குற்றம் சாட்டுகிறார்கள். பிராண்டோ முறையிடுகிறார், அதுவும் தனக்குக் கெடுதல் செய்தவனிடமே, தன்னைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய அண்ணனிடமே.

இதே காட்சியில் ஸ்டைகரைத் தனியாக ஒருமுறை பாருங்கள். அவருடைய க்ளோசப்கள் எடுக்கும்போது பிராண்டோ தளத்தில் இல்லை, முன்பே கிளம்பிவிட்டார். எதிர் வசனங்களைக் கசானே படித்தார். ஸ்டைகருக்கு அது வெகுகாலம் ஆறாத வருத்தம். பிராண்டோவின் மேதைமையைப் பேசும்போது இதையும் சேர்த்துப் பேசுவதே நியாயம். எதிரில் நடிகர் இல்லாமலேயே ஸ்டைகர் தந்திருக்கும் முகம், காட்சியின் கனத்தைப் பாதி சுமக்கிறது.

டெரியின் மென்மையை மட்டும் கொண்டாடினால் படத்துக்கு அநியாயம் செய்வோம். ஈடியின் வீட்டுக் கதவை உடைத்துக்கொண்டு அவன் நுழையும் காட்சி இருக்கிறது. போ என்கிறாள். நீ என்னை நேசிக்கிறாய் என்று சொல்ல வைக்கப் பார்க்கிறான். அவள் தள்ளுகிறாள், அவன் பலவந்தமாக முத்தமிடுகிறான், அவள் இணங்குகிறாள், லெனார்ட் பெர்ன்ஸ்டீனின் இசை அதை ஆசீர்வதிக்கிறது. கையுறையைக் கேட்காமல் வைத்துக்கொண்ட கைதான் இங்கே கதவை உடைக்கிறது. அங்கே அழகாகத் தெரிந்த அத்துமீறல் இங்கே வன்முறையாகத் தெரிகிறது. பிராண்டோ அவநம்பிக்கையும் கெஞ்சலுமாக நடிக்கிறார். ஆனால் காட்சி எழுதப்பட்ட விதம், ஆண் போதுமான அளவு உடைந்திருந்தால் பெண்ணின் மறுப்பைக் கடந்து போகலாம் என்று சொல்கிறது. இந்தக் குறையை நடிப்பால் சரிசெய்ய முடியவில்லை. டிஸ்க்கின் கூடுதல் பகுதிகளும் இதைப் போதுமான அளவு எடுத்துப் பேசவில்லை.

முடிவும் சர்ச்சைக்குரியது. அடி வாங்கிய டெரி, ஜோயியின் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, தடுமாறியபடி கிடங்கை நோக்கி நடக்கிறான், தொழிலாளர்கள் பின்தொடர்கிறார்கள். அதுவரை நிச்சயமில்லாதவனாக இருந்த ஆண், கடைசி ஐந்து நிமிடத்தில் தனியாளாக நடந்து காட்டும் வீரனாகிவிடுகிறான். பிராண்டோ தகர்த்த பழைய இலக்கணம் பின்வாசல் வழியாகத் திரும்பி வருகிறது. பிரிட்டிஷ் விமர்சகரும் இயக்குநருமான லிண்ட்சே ஆண்டர்சன் 1955இல் இந்த முடிவைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். 1952 ஏப்ரலில் கசான் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழு முன் பழைய கம்யூனிஸ்ட் தோழர்களின் பெயர்களைச் சொன்னவர்; ஷுல்பர்க்கும் காபும் சொன்னவர்கள்தான். சாட்சி சொல்வதே ஆண்மை என்று படம் வாதாடுவதை இதிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. கிரைட்டீரியன் இதை மூடி மறைக்கவில்லை. தன் செயலை நியாயப்படுத்திக் கசான் 'நியூயார்க் டைம்ஸில்' கொடுத்த விளம்பரத்தையே கையேட்டில் அச்சிட்டிருக்கிறார்கள். பாராட்ட வேண்டிய நேர்மை.

நடிப்புப் பயிற்சிக்கு இந்த டிஸ்க்கைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு முறை. டெரியின் கைக்கு வரும் பொருள்களைக் காட்சி வாரியாக எழுதுங்கள்: புறா, பணம், சூயிங்கம், கையுறை, பீர் கிளாஸ், துப்பாக்கி, கொக்கி, ஜாக்கெட். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அந்தப் பொருளை வைத்து அவன் எதிராளியிடம் எதைப் பெறப் பார்க்கிறான் என்று எழுதுங்கள். பிறகு அதே காட்சியைப் பொருள் இல்லாமல் நடித்துப் பாருங்கள். காட்சி சட்டென்று வெறும் பேச்சாகச் சரியும். பிராண்டோவைப் பின்பற்றியவர்களில் பலர் முணுமுணுப்பையும் சொறிதலையும் எடுத்துக்கொண்டு, நோக்கத்தை விட்டுவிட்டார்கள். முணுமுணுப்பு ஒரு பாணி அல்ல. சொல்ல வேண்டியது பெரிதாகவும் கையிருப்பு வார்த்தை சிறிதாகவும் இருப்பவன் பேசும் விதம் அது. நிறைய வார்த்தை தெரிந்த பாத்திரத்துக்கு அதைப் பொருத்தினால் சோம்பலாகத்தான் தெரியும்.

கூடுதல் பகுதிகளில் முதலில் பார்க்க வேண்டியது டாக்ஸி காட்சியை மட்டும் எடுத்துக்கொண்டு 2001இல் செய்த குறும்படமும், ஈவா மேரி செயின்ட்டின் பேட்டியும். அடுத்து, சிறுவன் டாமியாக நடித்து, பின்னாளில் துறைமுகத் தொழிலாளியாகவே வாழ்ந்த தாமஸ் ஹான்லியின் பேட்டி. நிஜத் துறைமுக ஆண்கள் எப்படிப் பேசினார்கள், எதற்குப் பயந்தார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. மார்ட்டின் ஸ்கார்செஸியும் கென்ட் ஜோன்ஸும் பேசும் பகுதி இனிமையானது, ஆனால் அது இயக்குநர்களின் பேச்சு. பெர்ன்ஸ்டீனின் இசை பற்றிய பகுதி தனியே நேரம் ஒதுக்கத் தகுந்தது. பெரிய குறை, ஸ்டெல்லா அட்லரிடம் பிராண்டோ கற்றதை மையமாக வைத்து எதுவுமே இல்லாதது. இந்த அளவு உழைத்த பதிப்பில் அந்த ஓர் இடம் காலியாக இருப்பது வருத்தம் தருகிறது. படம் ஓட ஓட அதன்மேல் ரிச்சர்ட் ஷிக்கலும் ஜெஃப் யங்கும் பேசும் கமென்டரி தகவல் நிறைந்தது. ஆனால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்; முதலிலேயே கேட்டால் கசானின் வாழ்க்கைக் கதை காதை நிறைத்துவிடும், டெரியின் கையைக் கண் தவறவிட்டுவிடும்.